ஃபயர்வாலில் இரண்டு ஓட்டை

சென்னையில் வண்டிக்கு ஹீட்டர் வைக்கச் சொல்லி யாரும் வருவதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு அப்படி ஒருவர் வந்தார். பழைய டீசல் ஜீப் வைத்திருந்தார். அதை ஓட்டிக்கொண்டு லடாக் போய்வர வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. புதுப்பேட்டையில் அலைந்து, கழித்துப்போட்ட ஒரு காரின் ஹீட்டர் பாக்ஸை அவரே வாங்கி வந்துவிட்டார். இன்ஜினைக் குளிர்வித்துச் சூடாகும் திரவமான கூலன்ட்டை, இன்ஜினுக்கும் சீட்டுகளுக்கும் நடுவே நிற்கும் தகட்டுச் சுவரான ஃபயர்வாலைத் தாண்டி உள்ளே கொண்டுபோய், மறுபடி வெளியே கொண்டுவருவதுதான் என் வேலை.

ஓட்டை போட்டு ஹோஸை அப்படியே உள்ளே விடலாம். பலர் விடுகிறார்கள். ஆனால் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. இன்ஜின் மவுண்டில் ஆட ஆட ஹோஸ் அதில் உரசும். ஓட்டை விளிம்பில் கிராமட் என்கிற ரப்பர் வளையம் போட்டாலும், அது காய்ந்து வெடித்தால் பழைய கதைதான். தகட்டோடு இறுகி நிற்கும் குழாய் ஒன்று வேண்டும், அதன் இரண்டு பக்கமும் ஹோஸ் மாட்ட இடம் வேண்டும். ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன். 16 மி.மீ. ஹோஸுக்குப் பொருந்துவதாக எதுவும் கிடைக்கவில்லை.

அவசரத்தில் ஒரு தப்பு செய்தேன். மாடித் தொட்டிக்குப் போடுகிற பிவிசி டேங்க் நிப்பிள் இரண்டை வாங்கி மாட்டினேன். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. இன்ஜினைச் சூடேற்றி அரை மணி நேரம் ஓடவிட்டதும் நிப்பிள் இளகி, ஹோஸ் கிளிப் இறுக்கிய இடம் உள்ளே அமுங்கிவிட்டது. இடப்பக்க சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடம் முழுக்கப் பச்சைத் தண்ணீர், ஆவி பறந்தது. பிவிசி 60 டிகிரிக்கு மேல் நம்பத்தக்கதல்ல. கூலன்ட் ஓடுவதோ 85, 90 டிகிரியில். அப்போது அந்த சீட்டில் யாரும் இல்லை. இருந்திருந்தால் கால் வெந்துபோயிருக்கும். அதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பக்கத்துத் தெரு லேத் பட்டறை அண்ணனிடம் ஒரு படம் வரைந்து எடுத்துப்போனேன். நடுவில் ஒரு பித்தளை நிப்பிள், இரண்டு முனையிலும் ஹோஸ் மாட்டும் துண்டுகளை டெஃப்லான் டேப் சுற்றி முடுக்குவது. பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல தண்ணி கசியறதுக்கு எத்தனை இடம் இருக்கு?"

எண்ணினேன். மரை இரண்டு, ஹோஸ் இரண்டு, ஆக நாலு.

"ஹோஸ் மாட்டுற இடத்தை ஒண்ணும் பண்ண முடியாது. மீதி ரெண்டு எதுக்கு?"

அந்தக் கேள்வியில் என் படமே மாறிவிட்டது. 27 மி.மீ. அறுகோணப் பித்தளை ராடு ஒன்றே போதும். முழு நீளத்துக்கும் 12 மி.மீ. துளை. நடுவில் கொஞ்சம் அறுகோணத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் ஒரு பக்கம் குழாய்களுக்குப் போடுகிற அரை அங்குல பிஎஸ்பி மரை, இரண்டு கடைசியிலும் 16 மி.மீ.க்குக் கடைந்த முனை. தண்ணீர் துளைக்குள்ளேயே போய்விடுகிறது, மரை அதன் கண்ணிலேயே படாது. மரையின் வேலை தகட்டைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான். டேப்பும் வேண்டாம், கம்பவுண்டும் வேண்டாம். பெயரில்தான் அரை அங்குலம், அந்த மரையின் வெளி விட்டம் ஏறக்குறைய 21 மி.மீ., அதனால் 16 மி.மீ. முனை அதே ஓட்டையில் தாராளமாக நுழையும். தகட்டின் மறுபக்கத்தில் அதன்மேல் முடுக்குகிற செக் நட் எந்த பிளம்பிங் கடையிலும் கிடைக்கும். வழியில் தொலைந்தாலும் கவலை இல்லை.

ஹோஸ் நழுவாமலிருக்க, முனையில் கூரான பற்கள் கேட்டேன். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. பல் ரப்பரை உள்ளே கீறும், ஒரு தரம் கழற்றினால் ஹோஸ் வீண் என்றார். வழவழப்பான ஒரே ஒரு மேடு மட்டும் வைத்தார். கிளிப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேலே அல்ல. ரேடியேட்டரில் வரும் பைப்புகளைப் பாருங்கள், கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

ஓட்டை போடும்போதுதான் பயந்தேன். பின்னால் வயர் போகிறதா, வைப்பர் மோட்டார் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். ஸ்பானர் திரும்ப இடம் வேண்டுமென்று இரண்டுக்கும் நடுவே 60 மி.மீ. விட்டேன். விளிம்பை அரத்தால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசினேன். சென்னை உப்புக்காற்றில் வெட்டிய தகடு சும்மா இருக்காது. இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர். அது தண்ணீருக்காக அல்ல, புகைக்காக. இன்ஜின் பக்கத்துத் தீயும் புகையும் உள்ளே வராமல் தடுக்கத்தான் அந்தச் சுவரே இருக்கிறது. அதில் ஓட்டை போடுகிறவன் அதைத் திரும்ப அடைத்துக் கொடுக்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் ஹீட்டர், ஹோஸ், ஃபிட்டிங் எல்லாவற்றையும் சேர்த்து பஞ்சர் கடை மாதிரி வாளித் தண்ணீரில் முக்கி, சைக்கிள் பம்பால் 1.5 பார் அழுத்தம் வரை காற்று அடித்தோம். ரேடியேட்டர் மூடி 0.9 பாரில் திறந்துவிடும், அதைவிட இது அதிகம். ஒரு கிளிப்பில் குமிழி வந்தது. முடுக்கியதும் நின்றது.

ஜூனில் கிளம்பினார். மணாலி தாண்டி ஒரு நாள் காலையில் போன். "தம்பி, கால் சூடா இருக்கு" என்றார். அப்புறம் சிக்னல் போய்விட்டது.

வண்டி திரும்பி வந்ததும் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, இரண்டு செக் நட்டையும் வெள்ளைத் துணியால் சுற்றித் துடைத்துப் பார்த்தேன். தூசி மட்டும்தான் வந்தது.