ஓகே அழுத்தும் முன்னால்

கீழமாசி வீதியில் ஒரு வத்தல், மல்லி மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்வது, கட்டாயம் என்றானபோது நாங்களும் அதற்குள் வந்தோம். பில்லை அனுப்பினால் போர்ட்டல் 64 எழுத்தில் ஐஆர்என் என்ற பதிவு எண் ஒன்றைக் கொடுக்கும். இல்லையென்றால் திரையில் ஆங்கிலத்தில் ஓர் எரர் பெட்டி. பில் போடும் தம்பி படிக்காமலேயே ஓகே அடித்துவிட்டு, "அண்ணே, ஏதோ எரர் வருது" என்பான். சாப்ட்வேர்க்காரர்களுக்குப் போன் போட்டால் "என்ன எரர் சார்?" என்பார்கள். பெட்டிதான் போய்விட்டதே, என்ன சொல்வது?

ஒரு நாள் சாயங்காலம், வாசலில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. பில் அனுப்பிய நேரம் பார்த்து நெட் போனது. வந்ததும் தம்பி மறுபடி அனுப்பினான், பெட்டி வந்தது. பில் நம்பரில் கோளாறு போல என்று அடுத்த நம்பரில் புதிதாகப் போட்டான். உடனே ஏறியது, லாரியும் கிளம்பியது. மாதக் கடைசியில் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைப் பார்க்கும்போதுதான் ஒரே சரக்குக்கு இரண்டு பில் இருப்பது தெரிந்தது. போர்ட்டலில் ஐஆர்என்னை ரத்து செய்ய 24 மணி நேரம்தான். அந்தக் கெடு தாண்டிவிட்டதால், கூடுதல் பில்லைக் கழிக்க கிரெடிட் நோட் போட்டு, வாங்கியவரிடம் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

சாப்ட்வேர் தானாகப் பதிந்துவைக்கும் லாகில் தேடிப் பார்த்தோம். அன்று வந்தது 2150, 'டூப்ளிகேட் ஐஆர்என்'. விற்பவரின் ஜிஎஸ்டி எண், பில் வகை, பில் நம்பர், நிதியாண்டு ஆகியவற்றை வைத்தே ஐஆர்என் உருவாகிறது. அதே பில் திரும்பப் போனால், இது ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று சொல்கிறது. முதல் தடவையே வேலை முடிந்திருக்கிறது!

அப்புறம்தான் ஒரு நீள நோட்டு வாங்கி பில் மேஜையில் வைத்தேன். எரர் வந்தால் முதலில் செல்போனில் போட்டோ. பிறகு தேதி, மணி, எந்தப் பில், கடைசியாக அழுத்திய பட்டன், எரர் நம்பர், செய்தியின் வார்த்தைகள் ஒன்றுவிடாமல். "பின்கோடு தப்புன்னு எழுதினா போதாதாண்ணே?" என்று தம்பி கேட்டான். போதாது. குமுளி வியாபாரி ஒருவருக்குப் பில் போட்டபோது, வாங்குபவரின் பின்கோடு அவர் மாநிலத்துக்கு உரியதல்ல என்று வந்தது. லெட்ஜரில் இருந்தது அவருடைய கம்பம் குடோன் முகவரி, 625இல் தொடங்கும் சரியான பின்கோடு. ஆனால் அவருடைய ஜிஎஸ்டி எண் தொடங்குவது 32இல், அது கேரளா. 'மாநிலம்' என்ற சொல்லை விட்டிருந்தால் அந்த ஆறு இலக்கத்தையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருப்போம். குமுளியின் 685509 போட்டதும் ஏறியது.

போர்ட்டலிலிருந்து வருபவை பெரும்பாலும் இப்படி நாம் கொடுத்த விவரத்தைப் பற்றியவை, நாமே திருத்தலாம். சாப்ட்வேர் தனக்குள் இடறி விழும்போது வருவது வேறு. ஸ்டாக் ரிப்போர்ட்டில் எங்களுக்கு 'ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் நாட் செட்' என்று மூன்று முறை வந்திருக்கிறது. இல்லாத ஒன்றை புரோகிராம் எடுக்கப்போய்த் தடுமாறியிருக்கிறது, பில் போடுபவர் மேல் தப்பில்லை. மூன்று பதிவையும் அனுப்பினேன். மூன்றிலும் குடோன் பெயர் தேர்வு செய்யாமல் ரிப்போர்ட் எடுத்திருப்பதை அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அடுத்த அப்டேட்டில் சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை குடோனைத் தேர்வு செய்துவிட்டு ரிப்போர்ட் எடுக்கும்படி தம்பி நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறான்.