தோரோங் லா: மிச்சம் பிடித்த ஒரு நாள்

நேற்று இரவுதான் போக்ரா வந்து சேர்ந்தோம். இரண்டு கால் கட்டைவிரல் நகங்களும் கறுத்துப்போயிருக்கின்றன, மூக்கின் மேல் தோல் உரிந்துகொண்டிருக்கிறது, பக்கத்துக் கட்டிலில் தம்பி அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறான். எனக்குத் தூக்கம் வரவில்லை. நேபாளத்தில் 5416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாயை நாங்கள் இரண்டு பேரும் நடந்தே தாண்டிவிட்டோம்! 'லா' என்றாலே திபெத்திய மொழியில் கணவாய்தான். இருந்தாலும் சேர்த்துச் சொன்னால்தான் நமக்குப் புரிகிறது.

நாள் கணக்கு, செலவு, அனுமதி எல்லாவற்றையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஜீப் கதையைச் சொல்லியாக வேண்டும், இன்னும் வயிறு எரிகிறது.

அன்னபூர்ணா சுற்றுப்பாதை பெசிசகர் என்ற ஊரில் தொடங்குகிறது. உயரம் வெறும் 760 மீட்டர்தான். முன்பெல்லாம் அங்கிருந்தே நடப்பார்கள். இப்போது மார்சியாங்டி ஆற்றை ஒட்டி மலையைக் குடைந்து சாலை போட்டுவிட்டதால் பலரும் சமே வரை ஜீப்பில் போய்விடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். ஆளுக்கு 2500 நேபாள ரூபாய் என்று பேசி, ஓட்டுநர் கேட்டபடி மொத்தத்தையும் முன்பணமாகக் கொடுத்தோம். அதுதான் தப்பு. ஒன்பது பேர் உட்காரும் வண்டியில் பதின்மூன்று பேர். என் மடியில் யாரோ ஒருவருடைய அரிசி மூட்டை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு வரைக்கும் ஒன்றுமே இல்லை. தாராபாணி தாண்டியதும் ஓரிடத்தில் மண் சரிந்து சாலையே காணவில்லை. இறங்கி, முழங்கால் வரை சேற்றில் இருபது நிமிடம் நடந்து அந்தப் பக்கம் போனால் வேறொரு ஜீப் நின்றது. அந்த ஓட்டுநர் ஆளுக்கு 2000 கேட்டார். "சமே வரைக்கும் கொடுத்துவிட்டோமே" என்று திரும்பிப் பார்த்தால், எங்களை ஏற்றி வந்தவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் குறைவாக இருப்பதில் எனக்குக் குறை இல்லை. அவர்கள் ஊர், அவர்கள் சாலை. பேசிய பேச்சை மீறியதுதான் ஆறவில்லை. இந்தச் சாலையில் மண் சரிவது அந்த ஓட்டுநருக்குத் தெரியாத விஷயமா? போகிறவர்கள் "வழியில் வண்டி மாற வேண்டுமா" என்று முதலிலேயே கேளுங்கள். பாதிப் பணத்தை மட்டும் கொடுங்கள், மீதியை இறங்கும்போது கொடுங்கள்.

போனது 4000 நேபாள ரூபாய். நம் கணக்கில் 2500 (100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது மாறாத விகிதம்). பெரிய தொகை இல்லை என்று தோன்றும். ஆனால் மலை ஏற ஏற ரொக்கம் மட்டும்தான் செல்லும், நாங்கள் எண்ணி எடுத்துப் போயிருந்தோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3500 என்று வைத்து, வழிகாட்டியின் கூலியையும் தனியே கட்டி வைத்திருந்தேன். அன்று இரவு சமேயில் போர்வைக்குள் உட்கார்ந்து மூன்று முறை எண்ணினேன். கையிருப்பு அரை நாள் செலவுக்கு மேல் குறைந்திருந்தது. அப்போதே மனதுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. மேலே எங்காவது ஒரு நாளை மிச்சம் பிடித்துவிட்டால் சரியாகிவிடும்.

சமேயில் வழிகாட்டி எங்களோடு சேர்ந்துகொண்டார். ஐம்பதை நெருங்கும் மனிதர். நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று கூப்பிடுவார்கள். அவர் என்னை 'திதி' என்றார், அதாவது அக்கா, தம்பியை 'பாய்'. முதல் இரண்டு நாள் எனக்கு 'தாய்' என்று கூப்பிட நா எழவில்லை. அப்புறம் அந்தச் சொல் இவருக்கு எத்தனை பொருத்தம் என்று புரிந்தது.

பிசாங்கிலிருந்து மனாங் போக இரண்டு வழிகள் உண்டு. கீழ்ப்பாதை எளிது, சாலையும் அதில்தான் போகிறது. தயவுசெய்து அதில் போகாதீர்கள். மேல் பிசாங், கியாரு, நாவல் வழியாகப் போங்கள். கியாருவுக்கு ஏறும் வளைவுப் பாதை மூச்சை வாங்கிவிடும். ஆனால் 3670 மீட்டரில் அந்தக் கல்வீடுகளுக்கு நடுவே நின்று திரும்பினால், பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் முழுக்க 7937 மீட்டர் அன்னபூர்ணா 2 நிற்கிறது. உச்சி முதல் ஆற்றங்கரை வரை ஒரே பார்வையில். நான் அழுதேன். தம்பி பையை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் பேசவே இல்லை. கீழே ஜீப்பில் போகிறவர்களுக்கு இதில் பாதி கூடக் கிடைக்காது. உடம்பு உயரத்துக்குப் பழகவும் இந்த வழிதான் நல்லது. பகலில் உயரத்துக்குப் போய்விட்டு இரவு சற்றுத் தாழ்வில் தூங்குகிறோம்.

மனாங் 3540 மீட்டர். இங்கே இமாலய மீட்புச் சங்கத்தின் சிறு மருத்துவ மையம் இருக்கிறது. நடைப்பயணக் காலத்தில் மாலைதோறும் உயர நோய் பற்றி மருத்துவர்கள் இலவசமாகப் பேசுகிறார்கள். முழுக்கக் கேட்டோம். 3000 மீட்டருக்கு மேல் போய்விட்டால் இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். தலைவலியோடு குமட்டலோ தள்ளாட்டமோ வந்தால் ஏறக்கூடாது. கூடினால் இரவானாலும் இறங்க வேண்டும். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

எழுதிக்கொண்டு, மறுநாள் காலை நான் செய்த காரியம் இது. மனாங்கில் ஓய்வு நாள் வேண்டாம், இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம், கிளம்பலாம் என்றேன். ஒரு நாள் மிச்சமானால் 7000 ரூபாய் கையில் நிற்குமே என்ற கணக்கு. தாய் இரண்டு முறை தடுத்துப் பார்த்தார். "பிஸ்தாரை, திதி" என்றார். மெதுவாக என்று அர்த்தம். நான் கேட்கவில்லை.

யாக் கர்க்காவில் ஓரிரவு. அடுத்த நாள் பிற்பகல் தோரோங் பேடி, ஏறக்குறைய 4500 மீட்டர். கடைசி மணி நேரத்தில் தம்பி பேச்சைக் குறைத்துவிட்டான். விடுதிக்குள் போனதும் மேசையில் தலை கவிழ்ந்தான். மாத்திரை போட்டும் தலைவலி போகவில்லை. சூப்பைக் குடித்தான், உடனே வாந்தி. அரை மணி கழித்து இன்னொரு முறை.

"ஒண்ணும் இல்லக்கா, தூங்கினா சரியாயிடும். நாளைக்கு ஒரு நாள்தானே?"

மனாங்கில் சொல்லிக்கொடுத்தபடி, தரைப் பலகையின் இணைப்புக் கோட்டில் குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். தள்ளாடவில்லை. அதனால் மூளை வீக்கம் வரை போகவில்லை என்று கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் தாய் அதற்குள் தம்பியின் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "இப்போதே இறங்குகிறோம்." மணி நான்கு. வரும்போதே கல் உருண்டுகொண்டிருந்த சரிவைத் திரும்பவும் தாண்ட வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே போய்விட வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் நான் தம்பியின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். என்ன ஆகிவிடுமோ என்ற பயத்தைவிட, 7000 ரூபாய்க்காக இதைச் செய்தேனே என்பதுதான் தொண்டையை அடைத்தது.

4200 மீட்டரில் லேதர். வெறும் 300 மீட்டர்தான் இறங்கியிருந்தோம். இரவு ஒன்பது மணிக்குத் தம்பி எழுந்து உட்கார்ந்து "பசிக்குது" என்றான்.

அந்தச் சாப்பாட்டை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். அடுப்பை மூடப் போன அந்த விடுதி அக்கா, எங்களுக்காக மறுபடி தீ மூட்டி தால் பாத் செய்தார். ஆவி பறக்கும் சோறு, தண்ணீராக ஓடும் கறுப்புப் பருப்பு, உருளைக்கிழங்கு, ஒரு கீரை, நாக்கில் சுள்ளென்று ஏறும் முள்ளங்கி ஊறுகாய். தம்பி நிதானமாக, வாய்க்கு வாய் நிறுத்தி, தட்டைக் காலி செய்தான். அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தார். தால் பாத்துக்கு மட்டும் இரண்டாம் முறை காசு கிடையாது. மலையில் பீட்சா, பாஸ்தா என்று பட்டியலைத் தேடுகிறவர்கள் பாவம். விலையும் அதிகம், வயிறும் நிறையாது.

மறுநாள் முழுக்க லேதரில் சும்மா உட்கார்ந்திருந்தோம். தம்பி உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரை எடுத்துக்கொண்டான், விரல் நுனி குறுகுறுத்தது, மற்றபடி தலைவலி முழுக்கப் போய்விட்டது. (சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஆக, மிச்சம் பிடித்த ஒரு நாளுக்குப் பதிலாக இரண்டு நாள் செலவானது. வெந்நீர்க் குளியலையும் கைபேசிக்கு மின்னேற்றுவதையும் அடியோடு நிறுத்தினோம், இரண்டுக்குமே தனிக்காசு.

பிறகு மறுபடியும் பேடி. அங்கிருந்து அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். இவ்வளவு சீக்கிரம் கிளம்புவதற்குக் காரணம் காற்று. வெயில் ஏறினால் கணவாயில் நிற்கவிடாது. தலைவிளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரிகிறது. செங்குத்தான வளைவுகளில் ஏறி மேல் முகாமைத் தொட்டபோது தண்ணீர்ப் பையின் குழாய் உறைந்துவிட்டது. புட்டியைத் தலைகீழாக வைத்துக்கொண்டால் வாய்ப்பக்கம் உறையாது என்று தாய் காட்டிக்கொடுத்தார். அதற்கு மேல் பத்து அடி, ஒரு நிறுத்தம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பாதிதான். ஒவ்வொரு மேடும் கணவாய் மாதிரியே தெரியும், ஏறினால் பின்னால் இன்னொன்று இருக்கும். ஐந்தாவது மேட்டில் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஒன்பதரை மணிக்குக் கொடிகள் தெரிந்தன. நூற்றுக்கணக்கான பிரார்த்தனைக் கொடிகள், படபடவென்று அடித்துக்கொண்டு. தம்பி என் கையைப் பிடித்து, "அக்கா, நீ முதல்ல தொடு" என்றான். சேர்ந்தே தொட்டோம். அங்கே ஒரு தேநீர்க் குடிசை இருக்கிறது. ஒரு கோப்பை 300 ரூபாய். கொள்ளை என்று யாரும் சொல்லாதீர்கள், அந்தத் தண்ணீரும் எரிபொருளும் எப்படி ஏறி வந்தன என்று யோசித்துப் பாருங்கள்.

அங்கே நிற்கும்போது தாய் 2014 அக்டோபரைப் பற்றிச் சொன்னார். வங்கக் கடலில் உருவான ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறி இரண்டே நாளில், அதன் மிச்சம் இந்தக் கணவாயில் பனிப்புயலாகக் கொட்டியது. இந்தப் பகுதியில் 43 பேர் இறந்தார்கள். அன்று காலை பனியில் வழி தெரியாமலே பலர் தொடர்ந்து போனார்கள். அக்டோபரில் இங்கே வருகிறவர்கள் வங்கக் கடல் வானிலையைப் பார்த்துவிட்டு மனாங்கை விட்டுக் கிளம்புங்கள். புயல் என்றால் கீழேயே இருந்துவிடுங்கள், பணம் போனால் போகட்டும்.

அனுமதி பற்றிச் சொல்கிறேன் என்றேனே. இந்தியர்களுக்கு விசா வேண்டாம், கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ போதும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி அனுமதிச் சீட்டு சார்க் (இந்தியா உள்ளிட்ட தெற்காசிய) நாட்டவருக்கு 1000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3000. வழியில் சோதனைச் சாவடிகளில் கேட்கிறார்கள். 2023 முதல் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் கூட்டிப் போங்கள்.

இறக்கம் 1600 மீட்டர். ஏற்றத்தைவிட அதுதான் என் முழங்காலைத் தின்றது. பொடிக்கல்லில் சறுக்கிச் சறுக்கி, மூன்று மணிக்கு முக்திநாத். ஆம், திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம், 108 திவ்யதேசங்களில் ஒன்று. கோயிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 தாரைகளில் தண்ணீர் கொட்டுகிறது. தம்பி நூற்றெட்டிலும் தலையைக் காட்டிவிட்டு உதடு நீலமாக வந்தான். நான் கை நனைத்ததோடு சரி.

வெளியே படியில் உட்கார்ந்திருந்தபோது காதில் தமிழ் விழுந்தது. யாத்திரைக் கூட்டம் ஒன்று. ஒரு பாட்டி எங்கள் முகத்தையும் காலணியையும் பார்த்துவிட்டு, "எந்த வழியா வந்தீங்க கண்ணு?" என்று கேட்டார். மேகம் மூடிக்கொண்டிருந்த கணவாயைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "அங்கிருந்தா? பெருமாளே!" என்றவர், எங்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், அவர்கள் சமையல்காரரிடம் தயிர்சாதம் வாங்கிக் கொடுத்தார். பதினோரு நாளுக்குப் பிறகு, மாவடுவோடு. தம்பி மூன்று முறை வாங்கினான்.

"திரும்பியும் அப்படியேவா போவீங்க?"

"இல்ல பாட்டி, ஜீப்லதான்."

முக்திநாத்தை ஒட்டிய ராணிபௌவா ஜீப் நிறுத்தத்தில் ஓட்டுநர் போக்ரா வரைக்கும் மொத்தப் பணத்தையும் முதலிலேயே கேட்டார். பாதியை மட்டும் கையில் வைத்தேன். மீதியை நேற்று இரவு, பைகள் இரண்டும் இறங்கிய பிறகு கொடுத்தேன்.