பாலூட்டிகளின் மூளையும் வாசனைச் செய்திகளும்: நெட் தேர்வுக்குப் படித்த அனுபவம்

ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணித் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியல் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் தொடாமலே விட்டுவிடும் பகுதி, பாலூட்டிகள் ஒன்றையொன்று வாசனையால் அறியும் விதமும் அந்த வாசனையை மூளை கையாளும் வழியும் ஆகும். பாடத்திட்டத்தில் இது ஒரே தலைப்பின் கீழ் வருவதில்லை. புலனுறுப்புகள் உடலியங்கியல் அலகிலும், சமூகத் தொடர்பும் நினைவின் நரம்பியல் அடிப்படையும் நடத்தை அலகிலும் பிரிந்து கிடக்கின்றன. 75 கேள்விகளில் 25ஐத் தேர்ந்து விடையளிக்கும் 'சி' பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் 4 மதிப்பெண் என்பதாலும், அங்கே ஒரு சோதனையை விவரித்து அதிலிருந்து முடிவைக் கேட்கும் வழக்கம் உண்டு என்பதாலும், இந்தப் பகுதியைச் சோதனைகளின் வழியாகவே படித்தேன். அந்த முறையைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இரண்டு வழிகளையும் புத்தகத்தைப் பார்க்காமல் வரைந்து பழகுங்கள். மூக்கின் உட்புற மேல்பகுதியில் உள்ள முகர்வுப் படலத்திலிருந்து மூளையின் முன்பகுதியில் உள்ள முதன்மை முகர்வுக் குமிழுக்கும், அங்கிருந்து செய்தியை வெளியே கடத்தும் மைட்ரல் செல்கள் வழியாக, வாசனையை அறியும் மூளைப் பகுதியான பைரிஃபார்ம் புறணிக்கும், உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவின் கார்ட்டிகல் பகுதிக்கும் செல்வது முதல் வழி. பிற புலன்களைப் போலத் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்று செல்லாமல் இது நேராகப் புறணியை அடைகிறது என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி வோமரோநேசல் உறுப்பில் தொடங்குகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் 1813இல் விவரித்ததால் ஜேக்கப்சன் உறுப்பு என்றும் இதற்குப் பெயர். இதன் நரம்புகள் துணை முகர்வுக் குமிழுக்குச் செல்கின்றன. அங்கிருந்து செய்தி மீடியல் அமிக்டலாவையும், அதன் வழியே இனப்பெருக்கம், சண்டை, ஹார்மோன் சுரப்பு ஆகியவற்றை ஆளும் ஹைபோதலாமஸையும் அடைகிறது.

இந்த உறுப்பு நாசித் தடுப்பின் அடியில், இரு பக்கமும் திரவம் நிறைந்த குழாயாக அமைந்துள்ளது. சாதாரணமாக மூச்சு இழுக்கும்போது காற்று அதனுள் புகுவதில்லை. சுண்டெலியிலும் வெள்ளெலியிலும் குழாயை ஒட்டிய இரத்தக் குழாய் சுருங்கி விரிவதால் வாசனைப் பொருள் உள்ளே உறிஞ்சப்படுகிறது. எனவே ஆவியாகாத புரதங்களும் பெப்டைடுகளும்கூட இவ்வழியே செல்ல முடியும், ஆனால் விலங்கு மூக்கை வைத்துத் தொட்டு முகர வேண்டும். ஊரில் ஆடு வளர்ப்பவர்கள் இதை நன்றாகவே பார்த்திருப்பார்கள். வெள்ளாட்டுக் கிடா, பெட்டையின் மூத்திரத்தில் மூக்கை நனைத்துவிட்டு, தலையை உயர்த்தி, மேலுதட்டைச் சுருட்டிப் பல் ஈறு தெரியச் சற்று நேரம் அப்படியே நிற்கும். இதற்கு ஃப்ளேமென் என்று பெயர். திரவத்தை அந்த உறுப்புக்குள் கொண்டுசேர்க்க இச்செயல் உதவுகிறது.

வாசனை மூலக்கூறுகளைப் பற்றும் புரதங்களான ஏற்பிகளுக்கு அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. முகர்வு ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் வெளியிட்டு 2004இல் நோபல் பரிசு பெற்றனர்; வோமரோநேசல் ஏற்பிகளின் முதல் குடும்பத்தைக் கேத்தரின் டுலாக், ஆக்சல் இருவரும் 1995இல் கண்டறிந்தனர். வி1ஆர், வி2ஆர் என்ற இரு குடும்பங்களும் உறுப்பின் வெவ்வேறு அடுக்குகளில் உள்ளன என்பது வரை தெரிந்தால் போதும்.

நேரம் செலவிட வேண்டிய இடம் சோதனைகள்தாம். ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று பத்திகள் போட்டேன்: எந்த வழி அடைக்கப்பட்டது, எந்த நடத்தை நின்றது, எது தொடர்ந்தது. பலர் மூன்றாவது பத்தியை எழுதுவதே இல்லை, ஆனால் விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. டி.ஆர்.பி.சி.2 என்ற அயனிக் கால்வாய் (செல் சவ்வில் அயனிகள் புகும் புரதத் துளை) வோமரோநேசல் நியூரான்களின் சைகைக்கு இன்றியமையாதது. இதற்கான மரபணு நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகள், அத்துமீறி நுழையும் ஆண்களைத் தாக்கவில்லை. ஆண், பெண் இரண்டின் மீதும் ஏறின. ஆனால் பெண்ணுடன் இணைசேர்வது தொடர்ந்தது. இவை 2002இல் வெளியான முடிவுகள். முதன்மை முகர்வுப் படலத்தின் சைகைக்குத் தேவையான மற்றொரு கால்வாயை நீக்கியபோதோ, ஆண்கள் இணைசேரவும் இல்லை, சண்டையிடவும் இல்லை. அப்படியானால் முதல் அழைப்புக்கு முதன்மை வழி தேவை, எதிரே நிற்பது யார் என்பதை உறுதிசெய்யத் துணை வழி உதவுகிறது என்று எழுதத் தோன்றும். அதற்குள் 2004இல் வெளியான இன்னொரு முடிவையும் சேர்த்துப் படியுங்கள்: அறுவை மூலம் வோமரோநேசல் உறுப்பு நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகளால் ஆண் மூத்திரத்தையும் பெண் மூத்திரத்தையும் வேறுபடுத்தி அறிய முடிந்தது, பெண் மூத்திரத்தின் மீதிருந்த நாட்டம்தான் மறைந்தது. மரபணுவை நீக்கிய சோதனையும் உறுப்பை நீக்கிய சோதனையும் ஒரே விடையைத் தருவதில்லை என்பதால், கேள்வியில் எது நீக்கப்பட்டது என்ற சொல்லை இருமுறை படிப்பது அவசியம்.

'சாதாரண வாசனைக்கு முதன்மை வழி, பெரோமோனுக்குத் துணை வழி' என்ற வாக்கியம் பல வழிகாட்டி நூல்களில் உள்ளது (பெரோமோன் என்பது ஓர் இன விலங்குகள் ஒன்றுக்கொன்று விடும் வேதிச் செய்தி). அதை அடித்துவிடுங்கள் என்றே சொல்வேன். ஆண் பன்றியின் உமிழ்நீரில் உள்ள ஆண்ட்ரோஸ்டீனோனை முகர்ந்து பெண் பன்றி இணைசேர்வதற்கு அசையாமல் நிற்பதும், தாய் முயலின் பாலில் உள்ள பெரோமோனை முகர்ந்து குட்டி காம்பைத் தேடிப் பற்றுவதும் முதன்மை வழியில் நிகழ்கின்றன.

இந்தப் பாடத்தில் எதையாவது ஆழமாகப் படிக்க நேரம் இருந்தால் அது புரூஸ் விளைவாக இருக்கட்டும். ஹில்டா புரூஸ் 1959இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது: இணைசேர்ந்த பெண் சுண்டெலி, கரு கருப்பையில் பதியும் முன் வேறொரு ஆணின் வாசனையை எதிர்கொண்டால் கருத்தரிப்பு தடைபடுகிறது. செய்தி துணை முகர்வுக் குமிழ், அமிக்டலா வழியாக ஹைபோதலாமஸை அடைந்து டோபமைன் என்ற நரம்பு வேதிப்பொருளை வெளியிடச் செய்கிறது. டோபமைன், பிட்யூட்டரி சுரப்பியின் புரோலாக்டின் ஹார்மோன் சுரப்பை அடக்குகிறது. புரோலாக்டின் குறைந்தால் சூலகத்தில் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் கார்ப்பஸ் லூட்டியம் நிலைக்காது, கர்ப்பத்தைத் தாங்கும் அந்த ஹார்மோன் குறையும், கரு பதியாது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் எடுத்துக் கேள்வியாக்கலாம்.

அப்படியானால் இணைசேர்ந்த ஆணின் வாசனையே ஏன் கருவைக் கலைப்பதில்லை? இணைசேரும்போது துணை முகர்வுக் குமிழில் நாரட்ரினலின் என்ற நரம்பு வேதிப்பொருள் வெளியாகிறது. அப்போது உள்ளே வரும் வாசனையால் தூண்டப்பட்ட மைட்ரல் செல்களுக்கும் அவற்றைத் தடுக்கும் கிரான்யூல் செல்களுக்கும் இடையிலான நரம்பிணைப்புகள் (சினாப்ஸ்கள்) வலுப்பெறுகின்றன. அதன்பின் அந்த ஆணின் வாசனை அந்தக் குமிழிலேயே அடக்கப்பட்டு, ஹைபோதலாமஸை எட்டாமல் நின்றுவிடுகிறது. நினைவுக்குப் பொதுவாகத் தேவைப்படும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸின் உதவியின்றி, முகர்வுப் பாதையின் முதல் நிலையத்திலேயே நினைவு பதிவது என்னை மிகவும் ஈர்த்தது. பாலூட்டி மூளையில் இவ்வளவு தெளிவாக இடம் காட்டப்பட்ட நினைவுகள் குறைவு.

இதன் அருகிலேயே செம்மறியாட்டை வைத்துப் படியுங்கள். ஈன்ற சில மணி நேரத்துக்குள் தாய் ஆடு தன் குட்டியின் வாசனையைக் கற்று, பிற குட்டிகளை முட்டி விலக்குகிறது. பிரசவத்தின்போது வெளியாகும் ஆக்ஸிடோசின் ஹார்மோனும் நாரட்ரினலினும் இங்கும் முகர்வுக் குமிழை மாற்றுகின்றன, ஆனால் மாறுவது முதன்மைக் குமிழ். சுண்டெலியில் கற்ற வாசனை அடக்கப்படுகிறது, செம்மறியில் கற்ற வாசனைக்கு மட்டும் தாய்மை திறக்கிறது. கன்று இறந்த பசுவின் முன் அதன் தோலைப் போர்த்திய வைக்கோல் கன்றை நிறுத்திப் பால் கறக்கும் நம் ஊர் வழக்கமும் வாசனையின் மீதான இந்த நம்பிக்கையில் அமைந்ததுதான்.

மனிதர்களைப் பற்றிக் கேள்வி வந்தால் நிதானமாக இருங்கள். நம்மிடம் டி.ஆர்.பி.சி.2 செயலிழந்த போலி மரபணுவாக உள்ளது. வயது வந்தவர்களில் துணை முகர்வுக் குமிழ் காணப்படுவதில்லை. ஆகவே மனிதப் பெரோமோன் வோமரோநேசல் வழியே செயல்படுகிறது என்று கூறும் விடையைத் தயங்காமல் நீக்கலாம். ஆனால் மனிதருக்குச் சமூக வாசனையே இல்லை என்ற விடையையும் அதே உறுதியுடன் நீக்க வேண்டும், ஏனென்றால் முதன்மை வழி நம்மிடம் முழுமையாகச் செயல்படுகிறது, பிறந்த குழந்தையும் தாயின் வாசனையை அறிகிறது.