கால்குலேட்டரில் ப்ரீக்வென்சி நிரல் ஆன் ஆகியிருக்கிறதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு. கையில் கேசியோ 991இஎஸ் பிளஸ் கால்குலேட்டர் இருந்தால் முதலில் ஷிப்ட், மோட், கீழ் அம்பு. அங்கே ஸ்டாட்டுக்குள் போய் ப்ரீக்வென்சியை (ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை) ஆன் செய்யுங்கள். டேட்டா போட்ட பிறகு மாற்றினால் போட்டதெல்லாம் அழிந்துவிடும், அதனால் இதுதான் முதல் வேலை.

அடுத்து மோட் 3, பிறகு 1. நம்மூர் மாங்காய்க் கணக்கு ஒன்று, எடை கிராமில்: 200–250 நான்கு காய், 250–300 பத்து, 300–350 ஆறு. எக்ஸ் நிரலில் நடுமதிப்பு 225, 275, 325. பக்கத்தில் 4, 10, 6. ஒவ்வொன்றுக்கும் ஈக்வல் தட்டி, கடைசியில் ஏசி. ஷிப்ட் 1, பிறகு 4.

முதலில் n, அதாவது மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள். 20 வர வேண்டும். 3 வந்தால் ப்ரீக்வென்சி ஆஃபில் இருக்கிறது. சராசரியும் 280க்குப் பதில் 275 காட்டும். பார்க்கச் சரி மாதிரியே இருப்பதால்தான் பலர் அப்படியே எழுதிவிடுகிறார்கள்.

மார்க் போகும் இன்னொரு இடம் திட்டவிலக்கம். சிக்மா எக்ஸ் (σx) 35, எஸ்எக்ஸ் (sx) 35.909. முன்னது 20ஆல் வகுப்பது, பின்னது 19ஆல். கேள்வியில் ‘மாதிரி’ என்று இருந்து, அதிலிருந்து முழுத்தொகுதியை மதிப்பிடச் சொன்னால் எஸ்எக்ஸ்.

ப்ரீக்வென்சியோடு 40 வரிசைதான் கொள்ளும். ஆஃப் செய்தால் 80.