சிசிலியில் பச்சை கேட்டார்கள்

2024 ஜூலையில் சிசிலிக்குப் போனபோது என் பையில் இரண்டு கேமரா, மூன்று லென்ஸ், ஒரு எக்செல் தாள். தாளில் 42 வரிகள். வரிக்கு ஒரு படம், அதற்குப் பக்கத்திலேயே இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய மாதிரி ஒன்று. சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) தன் புதிய கையேட்டுக்குப் படம் கேட்டிருந்தது. பதினாறு நாள், தீவு முழுக்க. மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு அது, ஏறக்குறைய 25,700 சதுர கிலோமீட்டர். பதினாறு நாள் போதும் என்று முடிவு செய்தவர்கள் வரைபடத்தை ஃபோனில் பார்த்திருக்க வேண்டும்.

முதல் நாளே பட்டியல் தடுமாறியது. ஜூலை 4 இரவு எட்னா எரிமலை பொங்கியது, மறுநாள் காலை ஓடுபாதையெல்லாம் சாம்பல் என்று கட்டானியா விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். ரோமிலிருந்து கிளம்பிய எங்களைத் தீவின் அந்தக் கோடியில் பலெர்மோவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்து பஸ். எரிச்சலோடுதான் ஏறினேன், ஆனால் அந்த இரண்டரை மணி நேரப் பயணம்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னது. தீவின் நடுப்பகுதி முழுக்க மஞ்சள். கோதுமை அறுத்து முடித்த குன்றுகள், அங்கங்கே எரித்த தட்டை கருப்பாக, நடுவில் ஒரு ஒற்றை மரம். என் தாளில் ஒன்பதாவது வரி, "உருளும் பச்சைக் குன்றுகள்". சிசிலியில் பச்சை என்பது பிப்ரவரி, மார்ச். மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடையில் நிலம் காய்ந்து கிடக்கிறது. மாதிரிப் படத்தை எடுத்தவர் வசந்தத்தில் போயிருக்கிறார், பட்டியல் போட்டவர் அதைக் கவனிக்கவில்லை. அவ்வளவுதான் கதை. அதோடு அது சாதாரணக் கோடையும் இல்லை. மே மாதமே வறட்சி நெருக்கடி நிலை அறிவித்திருந்தார்கள். என்னா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பெர்குசா ஏரி அந்த வருடம் வற்றியே போனது. பயிர்த் தெய்வத்தின் மகள் பெர்சஃபனியைப் பாதாளத்து அரசன் தூக்கிப்போனதாகக் கிரேக்கர்கள் சொன்ன ஏரி அது. மகள் போன துக்கத்தில் தாய் நிலத்தைக் காயவைத்தாள், அதுதான் குளிர்காலம் என்பது கதை. இந்த ஊர் வெயிலில் நின்று யோசித்தால் அவள் துக்கம் காத்த மாதங்கள் குளிர்காலமாக இருக்க வாய்ப்பே இல்லை என்று தோன்றும்.

கட்டானியாவில் இறங்கினால் தெருவெல்லாம் கருப்பு மணல். வீட்டு வாசலில், கார் மேல், பால்கனித் துணி மேல். ஆட்கள் சலித்துக்கொள்ளாமல் பெருக்கி மூட்டை கட்டி ஓரமாக வைக்கிறார்கள். எட்னாவை யாரும் எட்னா என்று சொல்வதில்லை, "ஆ முந்தாஞ்ஞா", அதாவது மலை, அவ்வளவுதான், அதுவும் பெண்பாலில். "மலை இன்றைக்கு இருமுகிறாள்" என்கிற மாதிரி ஒரு சலுகை அந்தப் பேச்சில் இருக்கிறது. நான் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க நினைத்திருந்தேன். சாம்பலில் சக்கரம் வழுக்கும் என்று இரு சக்கர வண்டிகளுக்குத் தடை. சரி, நடை.

தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி மெத்தென்று இருக்காது, பொடித்த கண்ணாடி அது. லென்ஸில் விழுந்தால் துணியால் துடைத்துவிடாதீர்கள், கோடு விழுந்துவிடும். ரப்பர் குடுவையால் ஊதுங்கள், அப்புறம் மென்மையான பிரஷ். நான் முதல் மணி நேரத்திலேயே பழக்க தோஷத்தில் சட்டை நுனியால் ஃபில்டரைத் துடைத்தேன். ஃபில்டர் போனது, லென்ஸ் பிழைத்தது. ஜூம் வளையத்துக்குள் புகுந்த மணல் இன்றைக்கும் திருப்பும்போது கரகரக்கிறது. ஊர் ஞாபகம் என்று வைத்துக்கொண்டேன்.

கோடையில் இந்த வேலைக்கு நேரம் இரண்டே துண்டு. ஐந்தே முக்காலுக்குச் சூரியன் வரும், ஒன்பது மணி வரை வேலை. அப்புறம் மாலை ஆறிலிருந்து எட்டரைக்கு அஸ்தமனம் ஆகும் வரை. நடுவில் ஒன்பது மணி நேரம் வெளிச்சம் நேர் மேலிருந்து கொட்டும், கண்குழியெல்லாம் கருப்பாகும், கடல் வெளிறிப்போகும். கடைகளும் மதியம் கதவடைத்துவிடும். நோத்தோ ஊரை மாலை வெளிச்சத்தில் எடுத்தேன். 1693 பூகம்பத்தில் தரைமட்டமாகி, வேறு இடத்தில் புதிதாகக் கட்டிய ஊர், தேன் நிறக் கல், கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் விழும். அப்படிப்பட்ட ஊர்களைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல எதுவும் இல்லை.

சிரகூசாவில்தான் நடுப்பகல் எனக்கு வேலைக்கு வந்தது. வெயிலுக்குப் பயந்து கதீட்ரலுக்குள் போனேன். அந்தக் கோயிலின் சுவரில் பழைய அத்தீனா கோயிலின் தூண்கள் அப்படியே நிற்கின்றன, சுமார் 2,500 வருடத் தூண்கள். இடைவெளிகளை அடைத்துச் சர்ச் ஆக்கியிருக்கிறார்கள். வெளியே வெயில் எவ்வளவு கொடூரமோ அவ்வளவு அழகாக உள்ளே ஒரு வெளிச்சம், கல்லில் பட்டுத் திரும்பி வருவது. ஒரு தூணையே இரண்டு மணி நேரம் எடுத்தேன். பட்டியலில் அது இல்லை. வெளியே வந்தபோது, பக்கத்து ஊர் ஃப்ளோரிதியாவில்தான் 2021 ஆகஸ்ட் 11 அன்று 48.8 டிகிரி பதிவானது, ஐரோப்பாவிலேயே அதிகம் என்று ஐஸ்கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். வெயிலிலும் ஊர்ப்பெருமை உண்டு, நம்மூரில் வேலூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும்.

அக்ரிஜெந்தோவில் கோயில்களைவிட அதிகமாகக் கண்ணில் பட்டவை தண்ணீர் லாரிகள். வீடுகளுக்கு முறைவைத்துத் தண்ணீர், சில சின்ன விடுதிகள் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. நான் தங்கிய இடத்தில் குளியலறைக் கதவில், சுருக்கமாகக் குளிக்கவும் என்று நான்கு மொழியில் ஒட்டியிருந்தார்கள். 2025இல் இத்தாலியின் கலாசாரத் தலைநகரம் ஆகவிருந்தது அந்த ஊர்தான், அதற்கான விளம்பரப் பதாகைக்குக் கீழேயே லாரி நின்று குழாய் போட்டுக்கொண்டிருந்தது. எடுத்தேன். அன்று இரவு அதுவரை எடுத்ததில் இருபது படத்தை அனுப்பினேன், லாரியை அனுப்பவில்லை, அந்த அளவு புத்தி எனக்கு உண்டு. அனுப்பியதில் கன்கோர்தியா கோயில் இருந்தது, கிறிஸ்துவுக்கு 430 வருடம் முன்னால் கட்டியது, காலை ஆறே காலுக்குச் சாலையிலிருந்து டெலி லென்ஸில் எடுத்தது. நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

"படமெல்லாம் சூப்பர் சார். ஆனா ஏன் எல்லாமே காய்ஞ்சு கிடக்கு?"

"கோடை."

"கொஞ்சம் பச்சையாக்க முடியுமா? எடிட்லதான்."

நான் என்ன சொன்னேன் என்று வீரமாக எழுத ஆசைதான். பார்க்கிறேன் என்று சொன்னேன்.

பலெர்மோவுக்கு ஜூலை 13 போய்ச் சேர்ந்தேன். மறுநாள் ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் திருவிழா. 1624இல் ஊரில் கொள்ளைநோய். அந்த வருடம் ஜூலை 15 அன்று பெல்லெக்ரினோ மலைக் குகையில் ரொசாலியாவின் எலும்புகளைக் கண்டெடுத்து, பிறகு ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுவர, நோய் அடங்கியது என்று நம்பிக்கை. நான் போனது நானூறாவது திருவிழா. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையும்கூட. காலையில் மலை ஏறினேன், அறுநூறு மீட்டர் மலை, பழைய கல் பாவிய பாதை வளைந்து வளைந்து போகிறது. மூன்றாவது வளைவில் மூச்சு வாங்க நின்றபோது பின்னாலிருந்து, "பிள்ளை, செருப்பைக் கையிலை எடு, விழுத்திப்போடுவாய்" என்று கேட்டது.

பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள் என்பது தெரியும், எண்பதுகளிலிருந்தே வந்து குடியேறியவர்கள். அவர்கள் ரொசாலியாவிடம் ஏறிப்போவார்கள் என்று படித்தும் இருக்கிறேன். ஆனாலும் அந்த மலையில், அந்த வெயிலில், யாழ்ப்பாணத்துத் தமிழ் காதில் விழுவது வேறு. ஒரு அக்கா, அவருடைய கணவர், வெறுங்காலோடு ஒரு பெண் பிள்ளை.

"இந்தியாவோ தம்பி? எந்த இடம்?"

"தூத்துக்குடி அக்கா."

"எங்களுக்குக் கிட்டத்தான், கடல் மட்டும்தானே இடையிலை" என்று சிரித்தார். நேர்த்திக்கடனாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுகிறார்கள். வீட்டில் பிள்ளையாரும் உண்டு, முருகனும் உண்டு. "இவா காடு மலையெல்லாம் தனிய இருந்தவா. எங்கடை கஷ்டம் விளங்கும்." குகைக்குள் பாறையில் நீர் கசிகிறது, கீழே நிற்பவர் மேல் சொட்டாமல் இருக்கக் கூரை முழுக்கத் தகரப் பட்டைகளை வளைத்து வளைத்துத் தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், பார்க்க ஏதோ உலோகக் கொடி படர்ந்த மாதிரி. படுத்திருக்கும் ரொசாலியாவுக்குத் தங்க உடை. கும்பிடுகிறவர்களை எடுக்கலாமா என்று கேட்டேன். "அவாவை எடுங்கோ. எங்களை வெளியிலை வந்து எடுங்கோ. பேஸ்புக்கிலை மட்டும் போட்டிடாதேங்கோ, ஊரிலை அம்மா பார்த்தா மெலிஞ்சுபோனன் எண்டு அழுவா." குகை வாசலில் மூவரையும் நிறுத்தி எடுத்தேன். உச்சி வெயில் பதினொன்றரை, என் தொழில் விதிப்படி கேமராவைத் தொடவே கூடாத நேரம்.

இரவு தேர். எங்கள் ஊரில் பனிமய மாதாவுக்கு ஆகஸ்ட் 5 திருவிழா, தங்கத்தேர் எப்போதாவது ஒரு வருடம்தான் ஓடும், அந்தக் கூட்டத்தில் நசுங்கித்தான் நான் படம் எடுக்கவே பழகினேன். அதனால் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை: தேருக்கு முன்னால் போகாதே, திருப்பத்தில் நில், முப்பத்தைந்து எம்எம் லென்ஸ் போதும். நாற்சந்தியில் தேர் நிற்க, மேயர் ஏறிப் பூ வைத்து "விவா பலெர்மோ எ சாந்தா ரொசாலியா" என்று கத்த, கீழே ஊர் மொத்தமும் திருப்பிக் கத்துகிறது. தள்ளுவண்டிகளில் தர்ப்பூசணியும் அவித்த நத்தையும். நத்தையை உறிஞ்சிச் சாப்பிட வேண்டும். ஒன்று போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் மதியம், ஸீஸா பக்கத்துப் பழைய தொழிற்சாலை வளாகத்தில் லெதீசியா பத்தாலியா தொடங்கிய புகைப்பட மையத்துக்குப் போனேன். 2022இல் இறந்தார். நாற்பதை நெருங்கும் வயதில் கேமராவைக் கையில் எடுத்து, லோரா பத்திரிகைக்காக மாஃபியா கொலைகளை வருடக்கணக்கில் எடுத்தவர். 1980 ஜனவரி 6, மாநிலத் தலைவர் பியெர்சாந்தி மத்தரெல்லாவைச் சுட்ட இடத்தில் காரிலிருந்து உடலை இழுக்கும் அந்தப் படம் இவருடையது. அவரை எழுதினால் நீளும். எனக்கு அன்று உறைத்தது சின்ன விஷயம். அந்தப் படங்களிலும் இதே வெயில்தான், இதே கருப்பு நிழல்தான். நான் ஒதுக்கிவைக்கும் மணி நேரங்களில் அவர் வேலை செய்திருக்கிறார், ஏனென்றால் பிணம் மாலை ஆறு மணி வரை காத்திருக்காது. என்னை அவரோடு ஒப்பிடவில்லை, நான் நீச்சல்குளம் எடுக்கிற ஆள். ஆனாலும் அன்றிலிருந்து மதியம் அறையில் படுக்கவில்லை.

கடைசி நான்கு நாள் த்ராபனி. இங்கேதான் பட்டியலை நான் ஜெயித்தேன், அதற்குக் காரணம் திறமை கிடையாது, ஊர். உப்பளம். தெற்கே நூபியா வரை பாத்தி பாத்தியாகக் கடல், நடுவில் காற்றாலைகள். அந்தக் காலத்தில் ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் இறைக்கவும் உப்பு அரைக்கவும் வைத்தவை. ஜூலையில் உப்பு வாரத் தொடங்குகிறார்கள். நன்றாக முற்றிய பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பு, அவ்வளவு உப்பிலும் உயிர் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. மாதிரிப் படத்தில் காற்றாலை, சிவப்புத் தண்ணீர், அஸ்தமனம். அதை முதல் நாளே எடுத்தேன், பக்கத்தில் இன்னும் பன்னிரண்டு பேர் அதையே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் நான் அம்பாரங்கள் பக்கம் போனேன். எங்கள் ஊரில் உப்பு அம்பாரத்தை ஓலை போட்டு மூடுவார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு. இங்கே ஓடு! வீட்டுக்கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்து, மண் ஓட்டை வரிசையாக அடுக்கி, மழைக்காலத்துக்குத் தயாராக. யாரோ ஒரு ஊரையே கட்டிவிட்டுக் குடிவராமல் போன மாதிரி இருந்தது. கேமராவின் மீட்டருக்கு உப்பு என்றால் குழப்பம், வெள்ளையைச் சாம்பலாக்கிக் கொடுக்கும், வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப், அதாவது ஒன்றரைப் படி, கூட்ட வேண்டும். இதை எனக்குப் பதினாறு வயதில் ஊர் ஸ்டூடியோ அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தது, "வெள்ளைக்கு வெளிச்சம் கொடுடா, கஞ்சத்தனம் பண்ணாதே" என்று. பக்கத்தில் ஒரு பெரியவர் வாரிய உப்பைப் பலகையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். கையைக் காட்டச் சொன்னேன், காட்டினார். உப்பு அரித்த விரல் எங்கேயும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அவரிடம் ஃபோனில் தூத்துக்குடி உப்பளப் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, ஓலையைச் சுட்டி ஏதோ கேட்டார். ஒழுகாதா என்று கேட்டிருப்பார். ஒழுகும்தான். வேலி ஓரம் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைக் காட்டி "ஃபீக்கி திந்தியா" என்றார், இந்திய அத்தி. என்னைக் காட்டிச் சிரித்தார். மெக்சிகோவிலிருந்து வந்த செடி, எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. விளக்க மொழி இல்லை, தலையாட்டிவிட்டேன்.

42இல் 39 கொடுத்தேன். குன்றைப் பச்சையாக்கியும் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை, மஞ்சளைப் பிடித்து இழுத்தால் போதும், அயர்லாந்து மாதிரி வந்தது. கையேட்டின் அட்டையில் அதுதான். அதைப் பார்த்து ஜூலையில் போய் இறங்கப்போகிறவர்களை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. பணத்தின் கடைசித் தவணை டிசம்பரில் வந்தது.

குகை வாசல் படத்தை அந்த அக்காவுக்கு ஊர் திரும்பியதும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எனக்கு அந்தப் பயணத்தில் பிடித்த படம் அது, பின்னால் வெள்ளைப் பாறை, முகங்களில் கனத்த நிழல், பிள்ளை கையில் செருப்பு. பதில் உடனே வந்தது: "நல்லாயிருக்கு தம்பி. வெயில்லை எல்லாரும் கறுத்துத் தெரியுறம். கொஞ்சம் வெளுப்பாக்கித் தாங்கோவன்."

அரை ஸ்டாப் மட்டும் ஏற்றி அனுப்பினேன். கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம்."