கோபன்ஹேகனில் அப்பாவும் நூறு நாற்காலிகளும்

கோபன்ஹேகனில் மூன்று நாள் இருந்தோம். கடற்கன்னிச் சிலையைப் பத்தே நிமிடத்தில் பார்த்து முடித்த அப்பா, ஒரு நாற்காலியின் முன்னால் அரை மணி நேரம் நின்றார். அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பா தச்சர். பொறையாரில் நாற்பது வருடம் பட்டறை வைத்திருந்தவர். அதனால்தான் டென்மார்க்கின் தேசிய வடிவமைப்பு அருங்காட்சியகத்துக்கு அவரை எப்படியும் கூட்டிப்போக வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

பளிங்குத் தேவாலயத்தின் பெரிய குவிமாடத்தைக் கடந்து கொஞ்சம் நடந்தால் பிரெட்கேட் தெருவிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அருங்காட்சியகம் என்றே தெரியாது. நீளமான, அடக்கமான கட்டிடம். 1750களில் ஐந்தாம் பிரெட்ரிக் மன்னர் கட்டிய மருத்துவமனை அது. ஏழைகளுக்கு அங்கே இலவச வைத்தியம். தத்துவவாதி கீர்க்ககார்ட் 1855 நவம்பரில் இறந்தது இங்கேதான். 1910இல் மருத்துவமனை வேறு இடத்துக்குப் போனது. கட்டிடத்தைச் செப்பனிட்டு 1926இல் அருங்காட்சியகத்தைக் கொண்டுவந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் அப்பா முதலில் பார்த்தது சன்னல்களை. "வெளிச்சம் எவ்வளவு தாராளமா வருது பாரு. நோயாளிக்குன்னு யோசிச்சுக் கட்டியிருக்காங்க" என்றார். நான்கு பக்கமும் நீண்ட கூடங்கள், நடுவில் மரங்கள் நிறைந்த தோட்டம். ஒரு காலத்தில் கட்டில்கள் வரிசையாகக் கிடந்த கூடங்களில் இப்போது பீங்கான், துணி, விளக்கு, சுவரொட்டி எல்லாம் இருக்கின்றன. பவுல் ஹென்னிங்சனின் விளக்குகளிடம் கொஞ்சம் நின்றோம். 1920களில் அவர் யோசித்த விஷயம் எளிமையானது: பல்பு கண்ணில் குத்தக்கூடாது, வெளிச்சம் மட்டும் வரவேண்டும். அதற்காக இதழ் இதழாக மூடியை அடுக்கியிருக்கிறார். மற்ற அறைகளை வேகமாகத்தான் கடந்தோம். மனசு நாற்காலிகளிடம் இருந்தது.

அந்தப் பகுதியைச் சுரங்கப்பாதை மாதிரி அமைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு நாற்காலி, அதற்கென்று தனி வெளிச்சம். நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. நம் ஊரில் கொலு பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

டேனிஷ் வடிவமைப்பாளர் யாகோப்சனின் 'எறும்பு' நாற்காலி, 1952. ஒட்டுப்பலகையை வளைத்துச் செய்தது. மூன்றே கால். "நாலாவது கால் எங்க?" என்று கேட்டார் அப்பா. யாகோப்சன் உயிரோடு இருந்தவரை மூன்று காலை விட்டுக்கொடுக்கவே இல்லை, நான்கு கால் வைத்ததெல்லாம் அவர் காலத்துக்குப் பிறகுதான் என்று சொன்னேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "உக்கார்றவன் குனிஞ்சா சாய்ஞ்சிடுமே" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் இன்னொரு டேனிஷ் வடிவமைப்பாளர் வெக்னரின் ஒய் நாற்காலி. முதுகில் ஆங்கில 'Y' எழுத்து மாதிரி ஒரு கட்டை. அதன் இருக்கை காகிதத்தை முறுக்கிய கயிறு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்புல் கயிற்றுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அதற்குப் பதிலாக வந்த கயிறு அது. ஒரு நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர் கயிற்றைக் கையாலேயே பின்னுகிறார்கள். கயிற்றுக் கட்டில் பின்னிய அப்பா, "காகிதமா?" என்று இரண்டு தடவை கேட்டார். நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி வரும் பின்னலைக் காற்றிலேயே விரலால் பின்னிப் பார்த்தார்.

அவரை நிறுத்தியது அதே வெக்னரின் இன்னொரு நாற்காலி. 1949இல் செய்தது. முதுகுச் சட்டமும் இரண்டு கைகளும் ஒரே ஓட்டமாக வளைந்து வரும். 1960இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்காகக் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதம் செய்தபோது உட்கார்ந்தது இந்த வகை நாற்காலியில்தான். ஆனால் அப்பாவுக்கு அதெல்லாம் முக்கியமாகப் படவில்லை.

"இது ஒரே கட்டை இல்ல. மூணு துண்டு. இங்க வாம்மா, இந்த இடத்தைப் பாரு."

பார்த்தேன். முதுகுச் சட்டம் கையோடு சேரும் இடத்தில், இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி, மரம் மரத்துக்குள் பல்லுப் பல்லாக இறங்கியிருந்தது. தள்ளி நின்றால் வெறும் கோடு. கிட்டே போனால் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிந்தது.

இந்த மூட்டுக்கு ஒரு கதை உண்டு. முதலில் செய்தபோது வெக்னர் அந்த இடத்தைப் பிரம்பு சுற்றி மூடிவிட்டார். மூட்டு வெளியே தெரிவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகுதான் விரல் கோத்த மூட்டாக மாற்றி, பிரம்பை எடுத்துவிட்டுத் திறந்தே காட்டினார். இதைச் சொன்னதும் அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மறைக்கிறதுக்குச் சுமாரா செஞ்சாப் போதும். காட்டணும்னா கை சுத்தமா இருக்கணும்" என்றார்.

வெக்னர் செருப்புத் தைப்பவரின் மகன், 14 வயதில் தச்சுப் பட்டறையில் சேர்ந்தவர் என்றேன். அப்பா தாத்தாவிடம் உளி பிடித்ததும் அந்த வயதில்தான்.

இந்த அருங்காட்சியகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதை ஒட்டியதுதான். மருத்துவமனையை இப்படி மாற்றிய கட்டிடக் கலைஞர்களில் ஒருவர் காரே க்ளிண்ட். 1924 முதல் அரச கலைக்கழகத்தில் மரச்சாமான் வடிவமைப்பு கற்றுக்கொடுத்தவர். பழைய நாற்காலியை அளந்து, வரைந்து, அது ஏன் வசதியாக இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் புதியதைத் தொட வேண்டும் என்பது அவர் வழி. வெக்னரும் மிங் காலத்துச் சீன நாற்காலியைப் பார்த்துத்தான் 1944இல் தன் 'சீன நாற்காலி'யைச் செய்தார். இங்கே இருக்கும் பழைய பொருள் ஒவ்வொன்றும் இன்னொருவருடைய பட்டறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் ஊர்க் கோயில் தேரையும் செட்டிநாட்டுக் கதவையும் இப்படி உட்கார்ந்து அளந்து வரைய ஓர் இடம் வேண்டும் என்று அங்கே நிற்கும்போது ஏக்கமாக இருந்தது.

வெளியே வந்து நடந்தால் சில நிமிடத்தில் அமலியன்போர்க் அரண்மனைச் சதுக்கம். நடுவில் குதிரைமேல் அதே ஐந்தாம் பிரெட்ரிக். அந்தச் சிலைக்குப் பணம் கொடுத்தது டென்மார்க்கின் ஆசியக் கம்பெனி. தரங்கம்பாடியோடு வியாபாரம் செய்த கம்பெனி. டென்மார்க்காரர்கள் 1620இல் வந்து 1845இல் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போனார்களே, அந்த ஊர்தான். தரங்கம்பாடி ராஜ வீதியில் பழைய வீடுகளுக்கு நிலையும் கதவும் மாற்றிய அப்பா சிலையைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். "நம்ம பக்கத்துக் காசும் இதுல இருக்கும்" என்றார்.

கல் திட்டு ஒன்றில் உட்கார்ந்தோம். அப்பா பையிலிருந்து பென்சில் எடுத்து, நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தில் அந்த மூட்டை வரைந்தார். மூன்று பல் வரைந்துவிட்டு நிறுத்தினார்.

"இந்தச் சீட்டை வச்சுத் திரும்ப உள்ள விடுவாங்களாம்மா? எத்தனை பல்லுன்னு எண்ணாம வந்துட்டேன்."

எழுந்து வந்த வழியே திரும்பி நடந்தோம்.