மூக்கு துடிச்சா முதல்ல தண்ணியைப் பாருங்க

போன வருஷம் சித்திரையில நடந்தது, இப்பதான் உக்காந்து எழுத மனசு வந்திருக்கு. பன்னி வளர்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா நல்லா இருக்கும்.

எங்க கொட்டகை ராசிபுரம் பக்கம். வெண்பன்னி, லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர். தீவனத்துல பாதி ஓட்டல் சாப்பாடு, காலையில ரெண்டு டிரம் வரும், நல்லா கொதிக்க வச்சுதான் போடுவோம். சோறு, சாம்பார், ஊறுகாய், அப்பளம்னு எல்லாம் கலந்து வரும், முகூர்த்த நாள்ல மண்டபத்து மிச்சமும் சேர்ந்துக்கும். அதுல எவ்வளவு உப்பு இருக்கும்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல.

ஒரு சனிக்கிழமை ராத்திரி போர் மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு, ஞாயித்துக்கிழமை மெக்கானிக் யாரும் கிடைக்கல. டேங்க்ல மிச்சமிருந்த தண்ணிய பால் குடுக்கற தாய்ப்பன்னிங்க லைனுக்கு மட்டும் திருப்பி விட்டோம், வளர்ற குட்டிங்க 22 உருப்படி, ஒவ்வொண்ணும் 40 கிலோ இருக்கும், அதுங்களுக்குதான் சாப்பாடே கூழா இருக்கே, அதுலயே தண்ணி இருக்கு, ஒரு நாள் தாங்கும்னு நெனச்சேன். திங்கக்கிழமை காலைல மோட்டார் ரெடியாச்சு, பாவம்னு பன்னி வாயால அழுத்திக் குடிக்கற நிப்பிள் குழாய் லைனும் திறந்து தொட்டியிலயும் ஓஸ் போட்டு நிரப்பி விட்டோம். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி விழுந்து குடிச்சுதுங்க. அதைப் பார்த்து எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு, அதான் இன்னைக்கு வரைக்கும் உறுத்துது.

மத்தியானத்துக்குள்ள ஒரு குட்டி மூலையில போய் செவுத்துல மூக்கை அழுத்திட்டு நின்னுச்சு. கண்ணு முன்னாடி கையை ஆட்டினேன், இமைக்கவே இல்ல. கொஞ்ச நேரத்துல மூக்கு நுனி மட்டும் துடிக்க ஆரம்பிச்சுது, ஏதோ மோப்பம் பிடிக்கிற மாதிரி. அப்புறம் தலை மெதுவா மேல தூக்கி பின்னாடி வளைஞ்சுது, நாய் மாதிரி பின்பக்கத்தை தரையில வச்சு உக்காந்து அப்படியே பின்னாலயே நகர்ந்து சாஞ்சு விழுந்து நாலு காலும் சைக்கிள் ஓட்டுற மாதிரி உதைச்சுது. அடங்கி எந்திரிச்சு நிக்குது, சில நிமிஷம் கழிச்சு மறுபடி அதே மூக்கு நுனியில இருந்து ஆரம்பிக்குது. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு ஆறாச்சு.

எங்களுக்கு வந்த முதல் நெனப்பு, யாரோ மருந்து வச்சுட்டாங்கங்கிறதுதான். பக்கத்து காட்டுக்காரரோட வாடை பிரச்சனையில ஏற்கனவே பேச்சுவார்த்தை இல்ல. அப்பா வேலி ஓரம் நின்னு கத்தினார், நானும் தடுக்கல.

டாக்டர் வந்து பட்டிக்குள்ள இறங்கி ஒரு வலிப்பை முழுசா பார்த்தார். என்ன தீவனம்னு கேப்பார்னு பார்த்தா, "தண்ணி எப்ப நின்னுச்சு, எப்ப விட்டீங்க, எவ்வளவு விட்டீங்க"ன்னு கேட்டார். சொன்னேன். ஓடிப்போய் அவரே வால்வை மூடினார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். உப்பு கொஞ்சம் கூடினாலும் தாராளமா தண்ணி இருந்தா பன்னி மூத்திரத்துல தள்ளிடும். தண்ணி இல்லாம ஒண்ணு ரெண்டு நாள் போனா ரத்தத்துல சோடியம் ஏறும், அது மூளைக்குள்ளயும் போய் சேர்ந்துக்கும். திடீர்னு வயிறு முட்ட தண்ணி குடிச்சா ரத்தம் சட்டுனு நீர்த்துடும், ஆனா மூளையில சேர்ந்த உப்பு அவ்வளவு வேகமா வெளிய வராது, உப்பு எங்க கூட இருக்கோ தண்ணி அங்க ஓடும். மண்டை ஓட்டுக்குள்ள மூளை வீங்கறதுக்கு இடம் ஏது? இதுக்கு உப்பு விஷம்னு பேர் இருந்தாலும் ஒழுங்கா கலந்த தீவனம் போடற பண்ணையிலகூட தண்ணி அடைச்சா இது வரும்.

தண்ணிய நிறுத்தவும் கூடாது, அள்ளி விடவும் கூடாது. உடம்பு எடையில அரை சதவீதம், ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா, அவ்வளவுதான். 40 கிலோ குட்டிக்கு 200 மில்லி, ஒரு டம்ளர். அன்னைக்கு ராத்திரி நானும் என் வீட்டுக்காரியும் டார்ச் வச்சுகிட்டு ஒவ்வொண்ணா தனியா பிரிச்சு டம்ளர் டம்ளரா ஊத்தினோம். ஒரு டம்ளர் உறிஞ்சிட்டு கையை முட்டுதுங்க, டம்ளரை கடிக்குதுங்க, இன்னும் கேட்டு அலறுதுங்க, பக்கத்துலயே பக்கெட் நிறைய தண்ணி இருக்கு, குடுக்க முடியாது. மத்ததுங்க சத்தத்துக்கு ஓடுதுங்க, கண்ணு போன குட்டி ஒண்ணு மட்டும் வாசனையை வச்சு டம்ளரை தேடி தலையை இப்படி அப்படி ஆட்டிச்சு. அது இன்னும் என் கண்ணுக்குள்ளயே இருக்கு. இப்படியே மூணு நாள் பார்த்தோம். மொத்தம் 7 செத்துது, 15 பொழைச்சுது, அந்த கண்ணு தெரியாததும் நாலாம் நாள் தானா தொட்டிக்கு வந்துச்சு.

செத்ததோட மூளையை லேப்ல பார்த்தப்ப ரத்தக்குழாயை சுத்தி ஈயோசினோஃபில்ங்கிற ஒரு வகை வெள்ளை அணுக்கள் கூட்டமா இருந்துச்சாம், பன்னிக்கு உப்பு விஷம்னா அதுதான் அடையாளம்னு டாக்டர் சொன்னார். ரிப்போர்ட் வந்த அன்னைக்கே அப்பா பக்கத்து காட்டுக்குப் போய் அவர்கிட்ட நேர்ல பேசிட்டு வந்தார். ஒண்ணு சொல்லிடறேன், வலிப்பு வந்தாலே உப்புதான்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, பன்னிக் காய்ச்சல்லயும் வலிப்பு வரும், தெர்மாமீட்டர் வச்சு பாருங்க, டாக்டரை கூப்பிடுங்க.

அதுக்கப்புறம் தீவனத்துல ஒவ்வொண்ணா பார்க்க ஆரம்பிச்சேன். எங்க பக்கம் சேகோ, அதான் ஜவ்வரிசி, பேக்டரி நிறைய, மரவள்ளித் தோலும் மாவு எடுத்தப்புறம் மிஞ்சற திப்பியும் சல்லிசா கிடைக்கும். பச்சைத் தோல்ல சயனைடு இருக்கு, நல்லா வெயில்ல காய வச்சோ, திறந்த பாத்திரத்துல கொதிக்க வச்சு தண்ணியை கொட்டியோதான் போடணும். மக்காச்சோளம் மழையில நனைஞ்சு பூசணம் பிடிச்சா வேற மாதிரி, மூணு மாசப் பெட்டைக்குட்டிக்கு பருவத்துக்கு வந்த மாதிரி பின்பக்கம் செவந்து வீங்கும், அது ஜியரலினோன்ங்கிற பூசண விஷம். கடலைப் புண்ணாக்குல வர்ற அஃப்ளடாக்சின்ங்கிற பூசண விஷம் ஈரலைத் தின்னும். 1960-ல இங்கிலாந்துல லட்சத்துக்கு மேல வான்கோழிக் குஞ்சு செத்து, பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்கை தோண்டித் துருவினப்பதான் அந்த விஷமே வெளிய தெரிஞ்சுது. நிறைய பேர் கொதிக்க வச்சா சரியாயிடும்னு நெனைக்கறாங்க, பூசணம் சாகும், விஷம் அப்படியே இருக்கும். பூசண வாடை அடிக்கிற மூட்டைய விலை குறைச்சு குடுத்தாலும் நான் இப்ப வாங்கறதில்ல.

தண்ணிக்கு இப்ப தனியா ரெண்டு டிரம் எப்பவும் நிரப்பி வச்சிருக்கோம். தினம் காலைல தீவனம் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நிப்பிளையும் கட்டை விரலால அழுத்திப் பார்ப்பேன், வாரத்துக்கு ஒருக்கா ஒரு லிட்டர் மக்கு வச்சு செல்போன்ல டைம் பார்ப்பேன், வளர்ற குட்டிங்க பட்டியில ஒரு நிமிஷத்துல மக்கு நிறையணும். போன வாரம் கடைசிப் பட்டியில அரை மக்குகூட நிறையல, கழட்டிப் பார்த்தா உள்ள துரு அடைச்சிருந்துச்சு, அந்தப் பட்டியில 9 குட்டி இருந்துச்சு.